எம் இல்லை, ஜி உண்டு

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
கயிற்றுக் கடைக்கு மேல்மாடி எங்கள் லேப்.
ஏழரைக்கே வந்து படியில் நிற்கிறான்
கொடிமுனைக்காரன், சகாய டெல்வின், வயது இருபத்து நாலு.
கப்பலில் சமையல் வேலையாம்.
ஏஜென்சிச் சீட்டில் எட்டுப் பரிசோதனை,
ஏழாவது, மஞ்சக்காமாலை ஏ.

"எனக்கு அது வந்ததே இல்லக்கா.
வெறுதே காசு."

வலை இழுத்த கை. நரம்பைத் தேட வேண்டியதில்லை.
மஞ்சள் மூடிக் குப்பியில் மூன்று மில்லி.

அந்த மெஷின் இங்கே கிடையாது.
சீரம் பிரித்து ஐஸ் பெட்டியில் அடைத்து
பதினொன்றரை நாகர்கோவில் பஸ்ஸில்
டிரைவர் இருக்கைக்குப் பின்னால் வைப்பேன்.
நெத்திலிக் கூடையும் அதே பஸ்ஸில்தான்.
இரண்டுக்கும் ஒரே பயம், வெயில்.

கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது:
வள்ளம் கவிழ்ந்ததும் கூவிக்கொண்டு ஓடிவருமே கூட்டம்,
அது எம். சில மாதத்தில் கலைந்துவிடும்.
ஜி கொஞ்சம் பிந்தி வரும்.
வந்து கரையில் உட்கார்ந்தால்
பிறகு எழுந்து போவதே இல்லை.
எம் இருந்தால் இப்போது.
ஜி மட்டும் இருந்தால் எப்போதோ.
இரண்டும் இல்லையென்றால், மக்களே, ஊசி போட்டுக்கொள்.

மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது.
எம் இல்லை, ஜி உண்டு.

"நல்லதுதான். இனி இது உன்னைத் தொடாது.
ஊசிக் காசும் மிச்சம்."
சிரித்தான். தாளை நாலாக மடித்தான்.
மறுபடி பிரித்தான்.
"அப்ப எனக்கு எப்ப வந்துது?"

"சின்னதுல வந்திருக்கும்.
பிள்ளையளுக்கு வந்தா வெளிய தெரியாது.
ரெண்டு நாள் காய்ச்சல், வயித்துப்போக்கு,
கண்ணுகூட மஞ்சளிக்காது."
எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"எங்க அக்கா அதுலதான் போனா," என்றான்.
"ரெக்சலின். பன்னெண்டாங்கிளாஸ்.
எனக்கு நாலு வயசு."

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்களாம்.
மோர், உப்பில்லாக் கஞ்சி.
பத்தொன்பதாம் நாள்
ஆசாரிப்பள்ளத்துக்கு ஜீப்பில் தூக்கிப் போகையில்
மடியருகே இருந்த இவனைப் பார்த்து
இது யாரு பிள்ளை என்று கேட்டாளாம்.

"அவகூடத்தான் படுப்பேன்.
சோறு ஊட்டுறது அவ.
வெளிக்குப் போனா கழுவி விடுறதும் அவதான்.
அவட்டயிருந்துதான் எனக்கு ஒட்டியிருக்கும்,
இல்லியாக்கா?"

டிப்ளமோ இரண்டாம் வருஷம்,
இந்தக் கேள்விக்கு இரண்டு மார்க்.
சின்னப் பிள்ளை சத்தமில்லாமல் கொண்டுவரும்,
பெரியவர்களை அது படுக்கையில் போடும்.
கைகளின் வழியாக.
முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஜி தேதி எழுதுவதில்லை.
யாரிடமிருந்து யாருக்கு என்று
ஒரு கட்டமும் அந்தத் தாளில் இல்லை.

"வெள்ளத்துலயிருந்து வந்திருக்கும்," என்றேன்.
"ரெண்டு பேருக்கும் ஒரே வெள்ளம்தான?"
அப்படியும் இருக்கலாம். பொய் சொல்லவில்லை.

அவன் பணத்தை எண்ணி வைத்தான்.
"அம்மைக்குத் தெரியும்," என்றான் படியில் இறங்கிக்கொண்டே.
"அந்தச் சமயம் எனக்கும் வயித்துப்போக்குன்னு
எப்பவும் சொல்லும்."

அவள் படுத்ததற்கு
முந்தின மாதமா, பிந்தின மாதமா,
நான் கேட்கவில்லை.

கீழே கயிற்றுக் கடை ஷட்டர் இறங்கியது.
கையுறையைக் கழற்றி
சோப்புப் போட்டேன்.
கழுவி முடித்தது மறந்து
இன்னொரு தடவை.